குடிநோயும் மனநோயும் சேர்ந்து இருந்தால் எதற்கு முதலில் வைத்தியம்?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டது இப்படி. அண்ணனுக்கு 36 வயது, பல்லடம் பக்கம் தறிக்குடோனில் வேலை. பல வருடக் குடி. இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். இரண்டு வருடமாக அண்ணி மேல் சந்தேகம். ஆள் இல்லாத இடத்தில் யாரோ திட்டுவது காதில் விழுகிறது என்கிறார். ராத்திரி தூக்கம் கிடையாது. மறுவாழ்வு மையத்தில், "இவருக்கு மனநோய் இருக்குதுங்க, அதைச் சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். மனநல மருத்துவர், "முதல்ல குடியை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க, அப்பறம் மருந்து தர்றேன்" என்றார். இதற்கிடையில் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி இருப்பதாகச் சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பப்பட்ட மனுஷனை யார் பொறுப்பெடுத்துப் பார்ப்பார்கள் என்பதுதான் அதற்குள் இருக்கிற கேள்வி. நான் மனநல மருத்துவர். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலேயே வேலை பார்த்தவன். உங்கள் அண்ணனைப் போலத் தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனியில் கட்டிங், டெய்லரிங் பார்க்கிறவர்கள், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் என்று இந்த நிலையில் நிறைய பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். ஆனால் ஒரு கடிதத்தை வைத்து அண்ணனுக்கு என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப் போவதில்லை.

நேரடிப் பதில்: இரண்டுக்கும் ஒரே சமயத்தில், முடிந்தவரை ஒரே மருத்துவரிடம் அல்லது ஒரே குழுவிடம், ஒரே நோட்டில் வைத்தியம் தொடங்க வேண்டும். ஒன்று முடிந்தபின் மற்றது என்று காத்திருந்தால் இரண்டுமே முடியாது. குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறவரால் குடியை விட்டு நிற்க முடியாது. தினமும் குடிக்கிறவருக்கு மனநல மருந்தை ஒழுங்காகச் சாப்பிடவும் முடியாது, சாப்பிட்டாலும் அது முழுதாக வேலை செய்யாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையிலேயே மது, போதைப்பொருளோடு சேர்ந்து வரும் மனக்கோளாறுகளும் அடக்கம். ஆகவே இது எங்கள் துறை இல்லை என்று சொல்லி அனுப்புவதற்குச் சட்டமும் துணை நிற்காது.

பிறகு ஏன் இரண்டு இடத்திலும் திருப்பி அனுப்பினார்கள்? நம் நாட்டில் குடிமீட்பு மையங்கள் பலவும் சமூகநீதி அமைச்சகத்தின் உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தி வளர்ந்தவை. மனநல வைத்தியம் சுகாதாரத் துறையில் வளர்ந்தது. பணம் வருகிற வழி, படித்த படிப்பு, வேலை செய்யும் ஆட்கள் எல்லாம் தனித்தனி. அந்த மையத்தில் ராத்திரி நேரத்தில் ஒருவர் குரல் கேட்டு ஓட ஆரம்பித்தால் பார்க்க மருத்துவர் இருந்திருக்க மாட்டார். அவர்கள் பயந்தது நியாயம். தினமும் குடிக்கிறவரிடம் நோயைக் கணிப்பது கஷ்டம் என்று அந்த மருத்துவர் நினைத்ததிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் கணிக்கக் கஷ்டம் என்பது பார்க்காமல் அனுப்பக் காரணம் ஆகாது. "நிறுத்திட்டு வாங்க" என்று ஒரு வார்த்தையில் சொல்வதில் இருக்கும் ஆபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் இன்றைக்கே இது தெரிந்திருக்க வேண்டும்.

டாஸ்மாக் கடை மதியம் 12 மணிக்குத்தான் திறக்கிறது. உங்கள் அண்ணன் முந்தின ராத்திரியே ஒரு கட்டிங்கை, அதாவது அரைக் குவார்ட்டர் சரக்கை, மிச்சம் வைத்து ஒளித்து, காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகக் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கும். இரண்டு என்றால் 120 கிராம். இந்த அளவுக்கு உடம்பு பழகிப்போய், காலையில் மருந்து மாதிரி குடிக்க வேண்டிய நிலைக்கு வந்தவர் சட்டென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம், வேர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் பிதற்றல் நிலை வரலாம்: இடம், நேரம், ஆள் தெரியாமல் போகும், இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகத் தட்டுவார்கள், காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் ஏறும். வைத்தியம் இல்லாவிட்டால் இதில் உயிரே போகலாம். இதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து கிடையாது.

சோமனூர் பக்கத்துத் தறிக்காரர் ஒருவரை இந்த நிலையில் பார்த்தது நினைவிருக்கிறது. வார்டில் மூன்றாம் ராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, காற்றில் எதையோ இரண்டு விரலால் பிடித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தார். அறுந்த பாவு இழையைச் சேர்க்கிறார். "தறி நின்னுபோச்சுங்க, கரண்டைப் போட்டு உடுங்க" என்று நர்ஸிடம் கெஞ்சினார். செய்த தொழிலையே கை தன்னால் செய்வது இந்தப் பிதற்றலில் வழக்கமாகப் பார்ப்பதுதான். வீட்டார் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரித்த கயிறு கொண்டுவந்து கட்டினார்கள். கயிறு கட்டியதை நான் தடுக்கவில்லை. லோராசெபாம் என்னும் அமைதிப்படுத்தும் ஊசியும் பி1 வைட்டமின் ஊசியும் தொடர்ந்து போய், தூங்கி எழுந்தபோது மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். இதே மனிதரை அறைக்குள் பூட்டி வைத்து 'நிறுத்தியிருந்தால்' என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் வீட்டில் எல்லாரும் யோசிக்க வேண்டும்.

பி1 பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் சோர்ந்து விழுந்தவரைப் பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போய், "ஒரு குளுக்கோஸ் ஏத்தி உடுங்க" என்று கேட்பது வழக்கம். பல வருடம் குடித்துச் சரியாகச் சாப்பிடாதவர் உடம்பில் பி1 என்னும் தயமின் காலியாக இருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் அசைவு கோணும், நடை தள்ளாடும், குழப்பம் வரும், நினைவு நிரந்தரமாகப் போகவும் கூடும். குளுக்கோஸுக்கு முன்போ கூடவோ தயமின் ஊசி போடச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை. மலிவான மருந்து, அரசு மருத்துவமனைகளில் கிடைக்கும்.

ஆக முதல் ஒரு வாரம், குடியை இறக்குவது மருத்துவமனையில் படுக்க வைத்து நடக்க வேண்டிய வேலை. அந்த வாரத்திலேயே மனநலப் பக்கத்தையும் பார்க்கத் தொடங்கிவிட வேண்டும். குரலும் சந்தேகமும் குடியால் வந்ததா, தனி நோயா என்பது அடுத்த கேள்வி. நீண்ட காலக் குடியாலேயே, புத்தி தெளிவாக இருக்கும்போதும் திட்டுகிற குரல் கேட்கலாம். குடி நின்ற சில நாட்களிலோ வாரங்களிலோ அது பெரும்பாலும் அடங்கும். மனச்சிதைவு நோயிலும் குரல் கேட்கும். அது குடி நின்றாலும் நிற்காது. மனைவி மேல் சந்தேகம் இரண்டிலும் வரும், தனியாகவும் வரும். பொதுவாகக் குடி நின்று நான்கு வாரம் ஆன பிறகும் தொந்தரவு அப்படியே இருந்தால் தனி நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த நான்கு வாரம் நோயைக் கணிப்பதற்கான கணக்கு. மருந்து கொடுக்காமல் காத்திருப்பதற்கான கணக்காக அதை மாற்றிக்கொள்ளக் கூடாது. குரல் அவரை ஏவுகிறது, தூங்கவே இல்லை, மனைவியை அடிக்க வருகிறார், சாகப் போகிறேன் என்கிறார் என்றால் அன்றைக்கே மருந்து தொடங்கிவிட வேண்டும். எந்த நோய் என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.

கணிப்பதற்கு நம் பகுதியில் எனக்குப் பெரிதும் உதவுகிற ஒரு கேள்வி உண்டு. "சபரிமலைக்கு மாலை போட்டிருந்தாருங்களா? பழனிக்குப் பாதயாத்திரை போனாருங்களா?" குடிக்கிற ஆண்கள் பலர் 48 நாள் விரதத்தில் ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை. அந்த 48 நாளில் அவர் எப்படி இருந்தார்? இரண்டு வாரம் போனபின் தூக்கம் வந்ததா? அண்ணி மேல் இருந்த சந்தேகம் அடங்கியதா, இல்லை விரதத்திலும் அண்ணியின் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாரா? எந்தப் பரிசோதனையும் தராத தகவல் இது. அதோடு, குடி பெரிதாவதற்கு முன்பே அவர் ஒதுங்கி, தனக்குள் பேசிக்கொண்டு இருந்ததுண்டா, அப்புச்சி, மாமன்மார், பெரியப்பா வகையில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதையும் யோசித்து எழுதி வையுங்கள். இதிலேயே ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. முன்பு ஒரு குவார்ட்டர் குடித்த காலத்தில் மாலை போட்டுச் சமாளித்தவர், இப்போது இரண்டு குவார்ட்டரும் காலைக் கட்டிங்கும் ஆன பிறகு அதே மாதிரி ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். வேண்டுதல் நல்லது, மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலை போடட்டும்.

அடுத்து அந்தப் பொடி. வேண்டாம். இது என் விருப்பம் இல்லை, உறுதியாகச் சொல்லும் விஷயம். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. ஒருவேளை குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் என்ற மருந்து இருந்தால், அது உடம்பில் இருக்கும்போது குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தி, மூச்சுமுட்டல், ரத்த அழுத்த வீழ்ச்சி வரும். சிலருக்கு இதயம் நின்றுபோகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த எதிர்வினை வரலாம். டைசல்பிராம் நல்ல மருந்துதான், ஆனால் தெரிந்து, சம்மதித்து, ரத்தம் பரிசோதித்துச் சாப்பிடுகிறவருக்கு மட்டும். மனநோய் அறிகுறிகளை அது கூட்டவும் கூடும் என்பதால் குரல் கேட்கிறவருக்கு நாங்கள் பெரும்பாலும் கொடுப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் அண்ணன் ஏற்கெனவே வீட்டில் தனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று நினைக்கிறவர். சோற்றில் மருந்து கலந்தது தெரிந்தால் அவர் சந்தேகம் உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு அண்ணி கையால் எந்த மாத்திரையையும் வாங்க மாட்டார்.

குடி ஆசையைக் குறைக்க வேறு மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்ஸோன், அகாம்புரோசேட் இரண்டுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. கல்லீரல் கெட்டிருந்தால் பாக்லோஃபென் யோசிக்கலாம். எதைக் கொடுப்பது என்பது கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பொறுத்தது. மனநல மருந்தோடு இவற்றைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். 2010-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குடிநோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 170 பேரிடம் 14 வாரம் ஓர் ஆய்வு செய்தார்கள். மனச்சோர்வு மருந்து செர்ட்ராலினும் நால்ட்ரெக்ஸோனும் சேர்த்து வாங்கியவர்களில் பாதிக்குச் சற்று மேலானவர்கள் குடிக்காமல் இருந்தார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் வாங்கியவர்களிலும், மருந்தில்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களிலும் ஏறத்தாழக் கால்வாசிப் பேர்தான். ஒரே ஆய்வு, சின்ன ஆய்வு, அதுவும் மனச்சோர்வுக்கு. குரல் கேட்பவர்களுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டுக்கும் சேர்த்துக் கொடுப்பதால் கெடுதல் வரும் என்ற பயத்துக்கு இது நல்ல பதில்.

மருந்து விஷயத்தில் குடும்பங்கள் ஏமாறுகிற ஓர் இடம் பீடி. மையத்தில் இருந்தவரை, குரலை அடக்கக் கொடுக்கும் ஓலான்சபின் மாத்திரையில் அமைதியாகத் தூங்கினார், வீட்டுக்கு வந்து அதே மாத்திரை சாப்பிட்டும் பழையபடி ஆகிவிட்டார் என்று வருவார்கள். மாத்திரை போலி என்று மருந்துக் கடைக்காரரோடு சண்டைகூடப் போடுவார்கள். புகையிலைப் புகை கல்லீரலில் இந்த மருந்தைச் சீக்கிரம் கரைத்துவிடும். மையத்தில் பீடி கிடையாது, அதனால் ரத்தத்தில் மருந்து கூடுதலாக நின்றது. வீட்டில் தினமும் ஒரு கட்டு பீடி, மருந்து குறைந்துபோனது. அதே வகை மருந்தான குளோசபினுக்கும் இதே கதை. புகைக்குத்தான் இந்தக் குணம். ஹான்ஸ் மாதிரி வாயில் அடக்கும் புகையிலைக்குக் கிடையாது. அதனால் சேரும்போதும் வீடு திரும்பும்போதும் எத்தனை பீடி என்று மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை இன்னொரு இடம். அல்பிரசோலாம், நைட்ரசெபாம் போன்றவை பழக்கமாகிவிடும், குடியோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும். மருத்துவமனையில் குடியை இறக்கும் அந்தச் சில நாட்களுக்கு இந்த வகை மருந்து அவசியம். அதன் பிறகு தெரிந்த மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கித் தொடரக் கூடாது. குரலுக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்துகள் போதைப் பழக்கம் ஆவதில்லை. "மாத்திரையும் போதைதான், எல்லாத்தையும் தூக்கிப் போடு" என்று மையத்திலோ, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்திலோ யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஏஏ அமைப்பின் வெளியீடே உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. மற்றபடி அந்தக் கூட்டங்களால் மீண்ட பலரை எனக்குத் தெரியும், அண்ணன் போக விரும்பினால் அனுப்புங்கள்.

இனி நிச்சயமில்லாத பகுதி. குடியும் மனநோயும் ஏன் இவ்வளவு சேர்ந்து வருகின்றன? அமெரிக்காவில் 1990-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பு ஒன்றில், குடிக்கோளாறு உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் வேறு மனக்கோளாறும் இருந்தது. வேதனையை அடக்கத்தான் குடிக்கிறார்கள் என்ற கருத்தை எட்வர்டு கான்ட்ஸியன் என்ற மருத்துவர் 1985-இல் விரிவாக எழுதினார். "குடிச்சாத்தானுங்க அந்தச் சத்தம் அடங்குது" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு, அவர்களை நான் நம்புகிறேன். ஆனால் எல்லாருக்கும் அது பொருந்தவில்லை. பரம்பரை, சின்ன வயது அடிகள், மூளையின் ஒரே பகுதிகள் இரண்டிலும் சம்பந்தப்படுவது என்று பல காரணங்கள் கலந்திருக்கின்றன. கஞ்சாவிலும் இப்படித்தான்: இளவயதில் அதிகமாக இழுத்தவர்களுக்கு மனச்சிதைவு அதிகம் வருகிறது என்பது உறுதி, அதில் எவ்வளவு கஞ்சாவால், எவ்வளவு ஏற்கெனவே இருந்த பலவீனத்தால் என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது.

சேர்த்து வைத்தியம் பார்ப்பதே சிறந்தது என்ற என் பேச்சுக்கும் ஆதாரம் எவ்வளவு என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பகுதியில் ராபர்ட் டிரேக்கும் அவர் குழுவினரும் 1980-களின் இறுதியிலிருந்து ஒரே குழு இரண்டையும் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். அதுதான் உலகெங்கும் பரவியது. ஆனால் கடும் மனநோயும் போதையும் சேர்ந்தவர்களுக்கான ஆலோசனை, குழு முறை வைத்தியங்களை ஒன்றுதிரட்டிப் பார்த்த, காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் தொகுப்பு, ஒரு முறை மற்றொன்றைவிடத் தெளிவாக மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றே 2019-லும் முடித்தது. அப்படியிருந்தும் நான் சேர்த்துத்தான் பார்க்கச் சொல்கிறேன். எந்தப் பேச்சு முறை சிறந்தது என்பதில்தான் அந்தச் சந்தேகம். ஒரு நோயை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்து எந்த ஆய்வும் சொல்லவில்லை. கூலிக்குப் போகிறவர் குடிக்கு ஒரு நாள் கோயமுத்தூர், மனநோய்க்கு இன்னொரு நாள் திருப்பூர் என்று இரண்டு நாள் சம்பளம் விட்டு அலைய மாட்டார். மூன்றாம் மாதம் இரண்டிலும் நின்றுவிடுவார். இந்த முடிவு என் அனுபவத்திலிருந்து வருவது; அதை ஆய்வு முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு உங்களுக்குச் சரியான முதல் இடம். திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிறது, பெருந்துறையில் ஈரோடு அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வலிப்பு வந்தாலும் கல்லீரல் கெட்டிருந்தாலும் பொது மருத்துவப் பிரிவு அதே வளாகத்தில் இருப்பது பெரிய பலம். அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் தொடங்கியிருக்கிறார்கள், அதையும் விசாரியுங்கள். தனியார் மையம் என்றால் போவதற்கு முன் நேரில் கேளுங்கள்: மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் எந்தெந்தக் கிழமை வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள், வாரம் ஒருமுறை நாங்கள் பார்க்கலாமா. முகம் சுளித்துக்கொண்டு பதில் சொல்கிற இடத்தில் விடாதீர்கள். சங்கிலி போடுவதைச் சட்டம் எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியோடு 28 பேர் தீயில் இறந்ததை இந்த மாநிலம் மறக்கக் கூடாது. ஆள் அனுப்பி அடித்து வண்டியில் ஏற்றிப் போகிறோம் என்று சொல்லும் மையங்களும் வேண்டாம். அவருக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலை வந்து, அவர் சம்மதிக்காவிட்டால், குடும்பத்தார் மனுக் கொடுத்து, மனநல மருத்துவர் உட்பட இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து 30 நாள் வரை சேர்க்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மருத்துவமனையில் கேட்டால் சொல்வார்கள். மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

அவர் வர மறுத்தால் குடியைப் பற்றியும் சந்தேகத்தைப் பற்றியும் பேசி இழுக்காதீர்கள். தூக்கத்தைச் சொல்லி அழையுங்கள். "ராத்திரி நீங்க தூங்கறதே இல்லீங்ணா, அதுக்கு மட்டும் டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாம்" என்பது பொய்யும் இல்லை, சண்டையும் வராது. கை நடுக்கம், வயிற்றெரிச்சல், பசியின்மை என்று உடம்பு வழியாக வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம். குரலைப் பற்றி அவர் பேசினால், அப்படி எதுவும் கேட்கவில்லை என்று வாதாடவும் வேண்டாம், எனக்கும் கேட்கிறது என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "உங்களுக்குக் கேக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கும்" என்று நிறுத்துங்கள்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு வரும் சனிக்கிழமைகள்தான் கடினம். வாரச் சம்பளம் கையில், கூட வேலை செய்கிறவர்கள் கடைக்குக் கிளம்புகிறார்கள். தறி முதலாளியிடம் முன்கூட்டியே பேசி, அண்ணன் சம்மதத்தோடு சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாம். முதல் சில மாதம் ராத்திரி ஷிப்ட் இல்லாமல் பகல் ஷிப்ட் கேளுங்கள். தூக்கம் கெட்டால் இரண்டு நோயும் சேர்ந்து திரும்பும். ஒரு சனிக்கிழமை குடித்துவிட்டால் வைத்தியம் தோற்றுவிட்டது என்று நினைக்காதீர்கள், மருத்துவரிடம் மறைக்கவும் வேண்டாம். குடித்த அன்று மாத்திரை கொடுப்பதா என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு, ஒவ்வொரு மாத்திரைக்கும் எழுதி வாங்குங்கள். சரக்கும் மாத்திரையும் சேர்ந்தால் விஷம் என்று பயந்து எல்லாவற்றையும் நிறுத்தி, அப்படியே விட்டுப்போய்க் குரல் திரும்பியவர்கள் பலர். தூக்கம் தரும் வகையைத்தான் முக்கியமாகத் தவிர்க்க வேண்டியிருக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை கொஞ்சம். வீட்டிலும் தோட்டத்துச் சாளையிலும் இருக்கிற பூச்சிமருந்து, களைக்கொல்லி, வாசல் தெளிக்கும் சாணிப்பவுடர் எதுவாக இருந்தாலும் அப்புறப்படுத்துங்கள். அரிவாள், கத்தியையும் கண்ணில் படாமல் வையுங்கள். குடியும் மனநோயும் சேர்ந்தவர்களிடம் தற்கொலை ஆபத்து அதிகம், சந்தேக நோயில் மனைவிக்கு ஆபத்து அதிகம். வலிப்பு, காய்ச்சலோடு பிதற்றல், ஆள் அடையாளம் தெரியாமல் போவது, ரத்த வாந்தி, இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், காலைவரை காத்திருக்காதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். அண்ணிக்கு அவசரம் என்றால் பெண்கள் உதவி எண் 181. மருத்துவரிடம் போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், எப்போது தொடங்கியது என்று தேதி போட்டு எழுதிய ஒரு பக்கம் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

முதல் சந்திப்புக்கு அண்ணியைக் கூட்டிப் போக வேண்டாம். மருத்துவரோடு அவர் தனியாகப் பேசுவதைப் பார்த்தாலே அண்ணனுக்குச் சந்தேகம் கூடும், வீடு திரும்பிய பிறகு அதன் பலன் அண்ணி தலையில் விழும். நீங்களும் அப்பாவும், அல்லது அண்ணன் மதிக்கிற மாமா யாராவதும் போங்கள். அண்ணி சொல்ல வேண்டியதை வேறொரு நாள், அண்ணன் வேலைக்குப் போன நேரத்தில், மருத்துவரிடம் போனில் சொல்லட்டும். அந்தப் பேச்சு நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.